காப்புறுதியில் மோசடி என்பது எது?



மோசடி என்ற சொல்லை நாம் நாள்தோறும் மிகச் சுலபமாகப் பயன்படுத்துகிறோம். சந்தையில் மீன் எடை குறைந்தால் மோசடி என்கிறோம். கூட்டுப் பிடித்தவர் ஊரை விட்டுப் போய்விட்டால் மோசடி என்கிறோம். பேசி முடித்த சம்பந்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் மனம் மாறினாலும் அதே சொல்தான் வாயில் வருகிறது. பேச்சு வழக்கில் இதனால் பெரிய கேடு ஒன்றும் இல்லை. ஆனால், காப்புறுதி நிறுவனத்திலிருந்து வரும் ஒரு கடிதத்தில் இந்தச் சொல்லோ, இதன் உறவுச் சொற்களோ இடம்பெற்றுவிட்டால், அதன் எடையை நிறுத்துப் பார்த்தே ஆகவேண்டும். ஏனென்றால் ஒரு குடும்பத்துக்கு முப்பதாயிரம் வெள்ளி கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் அந்தச் சொல்லைப் பொறுத்திருக்கிறது.

சிலிம் ரிவர் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். துரோலாக்கிலிருந்து பேராங் வரையில் பெருஞ்சாலையின் இருமருங்கிலும் இருந்த ரப்பர் மரங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு இடம் கொடுத்துவிட்டன. லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் பலர் பட்டணத்தை ஒட்டிய தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அப்படி ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவர் லாரி ஓட்டுபவர். ஓர் இரவு முகவர் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையிலேயே விண்ணப்பப் பாரத்தை நிரப்புகிறார். 30,000 வெள்ளிக்கு ஆயுள் காப்புறுதி. பாரத்தில் ஒரு கேள்வி: இனிப்புநீர் உண்டா? 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிடப்படுகிறது. பதினான்கு மாதம் கழித்து அவர் மாரடைப்பால் இறந்துபோகிறார். மனைவி இழப்பீடு கேட்கிறார். இரண்டு மாதத்தில் பதில் வருகிறது: 'முக்கியத் தகவல் மறைக்கப்பட்டதால் பத்திரம் செல்லாது.' மருத்துவப் பதிவைப் பார்த்தால், பத்திரம் எடுப்பதற்கு முந்திய ஆண்டு அரசாங்கக் கிளினிக்கில், இரத்தத்தில் சீனி கூடுதலாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறது.

பக்கத்து வீட்டில் உடனே பேச்சு எழும்: "ஏமாற்றி எடுத்தார், மாட்டிக்கொண்டார்." இது நியாயமா? சட்டம் அப்படிச் சொல்கிறதா? அதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

முதலில் 'மோசடி' என்ற சொல்லுக்கு நம் நாட்டுச் சட்டம் எங்கே பொருள் கூறுகிறது என்று பார்க்கவேண்டும். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் கூறுகிறது. இந்தப் பிரிவு 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. பிரிவின் எண்கூட ஒன்றுதான். எதிர்த் தரப்பை ஏமாற்றவேண்டும், அல்லது அவரை ஒப்பந்தத்துக்குள் இழுக்கவேண்டும் என்ற எண்ணம் இருக்கவேண்டும். அதுதான் இதன் உயிர்நாடி. அந்த எண்ணத்தோடு, உண்மையல்ல என்று தான் நம்பும் ஒன்றை உண்மை போலச் சொல்வது மோசடி. தனக்குத் தெரிந்த ஒன்றை முயன்று மறைப்பது மோசடி. நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் வாக்குக் கொடுப்பதும் மோசடி. இவற்றோடு, ஏமாற்றத்தக்க வேறு எந்தச் செயலும் சேரும்.

அந்தப் பிரிவின் கீழேயே ஒரு விளக்கக் குறிப்பு உண்டு. வெறுமனே வாய்மூடி இருப்பது மோசடி ஆகாது என்கிறது அது. ஆனால், சூழ்நிலையைப் பார்க்கும்போது பேசவேண்டிய கடமை ஒருவருக்கு இருந்தால், அவருடைய மௌனம் வேறு கதை. சந்தையில் மாடு விற்பவன் மாட்டின் குறையைத் தானாக முன்வந்து சொல்லவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாங்குபவன் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம். காப்புறுதியில் அப்படி இல்லை. அங்கே மாடு நம் உடம்பு. பல்லைப் பார்க்கும் வாய்ப்பு வாங்குபவனுக்கு மிகக் குறைவு.

இந்தப் பேசும் கடமை எங்கிருந்து வந்தது என்பது சுவையான செய்தி. அது பிறந்த இடம் நமக்கு வெகு தூரத்தில் இல்லை. மலாக்கா நீரிணைக்கு அப்பால் சுமத்திராவில், பெங்கூலு என்ற ஊரில், மார்ல்பரோ கோட்டை என்று ஓர் ஆங்கிலேயக் கோட்டை இருக்கிறது. பின்னாளில், 1824ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில், மலாக்காவைப் பெற்றுக்கொண்டு ஆங்கிலேயர் டச்சுக்காரருக்குக் கொடுத்த ஊர் அதுதான். 1759இல் அக்கோட்டையின் ஆளுநராக இருந்த கார்ட்டர் என்பவர், கோட்டை அந்நிய எதிரியிடம் வீழ்ந்துவிட்டால் தமக்கு ஏற்படும் இழப்புக்காக லண்டனில் காப்புறுதி எடுத்தார். காலம் ஓராண்டு. அந்த ஓராண்டுக்குள்ளேயே, 1760இல், பிரெஞ்சுக்காரர்கள் வந்து கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். காப்புறுதி செய்த போம் என்பவர் பணம் தர மறுத்தார். கோட்டை பலவீனமானது, பிரெஞ்சுக்காரர்கள் வரக்கூடும் என்பதையெல்லாம் ஆளுநர் மறைத்துவிட்டார் என்பது அவர் வாதம்.

1766இல் தீர்ப்பளித்தவர் மான்ஸ்பீல்டு பிரபு. காப்புறுதி என்பது எதிர்காலத்தைக் கணித்துச் செய்யும் ஒப்பந்தம். கணிப்புக்கு வேண்டிய தகவல்கள் பெரும்பாலும் ஒரு தரப்புக்கு மட்டுமே தெரியும். ஆகவே தனக்கு மட்டும் தெரிந்ததை மறைத்து, மற்றவரின் அறியாமையைப் பயன்படுத்தி ஒப்பந்தம் செய்துகொள்ளக் கூடாது என்றார் அவர். இதைத்தான் 'உச்ச நம்பகம்' என்று சட்டத்துறையினர் சொல்லுகிறார்கள். இரு தரப்பும் ஒருவருக்கொருவர் முழு நேர்மையோடு நடக்கவேண்டும் என்பதே இதன் பொருள். ஆனால், இந்த வழக்கை மேற்கோள் காட்டுவோர் பலர் சொல்லாமல் விடும் ஒன்று உண்டு. வழக்கில் வென்றவர் காப்புறுதி நிறுவனத்தார் அல்லர், ஆளுநர் கார்ட்டர்தான். போர்க்காலத்தில் ஒரு கோட்டையின் ஆளுநரே காப்புறுதி கேட்கிறார் என்றால் அதில் ஆபத்து இருக்கிறது என்று போமுக்குத் தெரிந்திருக்கவேண்டும். கேட்டிருக்கலாம், கேட்கவில்லை என்று நீதிபதி சொன்னார். கேட்க வேண்டியவன் கேட்காமல் இருந்துவிட்டு, பிறகு மறைத்தாய் என்று சொல்லக் கூடாது என்ற நியாயமும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது.

லண்டனில் சொன்ன தீர்ப்பு பேராக்குக்கு எப்படி வந்தது என்று நேயர்கள் கேட்கலாம். 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 5ஆம் பிரிவு வழியாக வந்தது. பேராக் முதலான மாநிலங்களில், ஆயுள் காப்புறுதி, தீக் காப்புறுதி, கப்பல் காப்புறுதி போன்ற வாணிப விவகாரங்களில், நம் நாட்டுச் சட்டம் வேறு விதமாகச் சொல்லாத இடத்தில், அந்தச் சட்டம் நடப்புக்கு வந்த நாளில், அதாவது 1956 ஏப்ரல் 7ஆம் தேதியில், இங்கிலாந்தில் இருந்த சட்டமே பொருந்தும் என்கிறது அது. அதற்குப் பின் அங்கே சொல்லப்படும் தீர்ப்புகள் நம் நீதிபதிகளுக்கு வழிகாட்டலாம், கட்டுப்படுத்தா.

இனி, நம் நாட்டுச் சட்டமே வேறு விதமாகச் சொல்லும் இடத்துக்கு வருவோம். லாரி ஓட்டுநரின் மனைவிக்கு உண்மையில் வேண்டியது இந்தப் பகுதிதான்.

1963ஆம் ஆண்டில் ஒரு காப்புறுதிச் சட்டம், பிறகு 1996ஆம் ஆண்டில் ஒரு காப்புறுதிச் சட்டம், அதன்பின் 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டம் என்று நம் நாட்டில் இது மூன்று கட்டமாக வளர்ந்தது. தகாபுல் முறைக்கு அதே ஆண்டில் தனிச் சட்டம் உண்டு. நிதிச் சேவைச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை 2015 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. தனக்காகவும் தன் குடும்பத்துக்காகவும் காப்புறுதி எடுக்கும் சாதாரண மனிதருக்கும், வாணிபத்துக்காக எடுக்கும் நிறுவனத்துக்கும் அது வேறுபாடு காட்டுகிறது. சாதாரண மனிதரின் முதற்கடமை, கேட்ட கேள்விக்குத் தவறான பதில் சொல்லாதபடி நியாயமான கவனம் எடுத்துக்கொள்வது. நிறுவனம் கேள்வியைக் குறிப்பாகக் கேட்கவேண்டும். பதில் அரைகுறையாக இருந்தும், நிறுவனம் மேற்கொண்டு விசாரிக்காமல் பத்திரத்தைக் கொடுத்துவிட்டால், அந்தக் கேள்வியைப் பொறுத்தவரையில் அது தன் உரிமையை விட்டுக்கொடுத்ததாகக் கருதப்படும். கார்ட்டர் வழக்கின் நியாயம் இங்கே எழுத்துருவம் பெற்றிருப்பதைக் கவனியுங்கள். ஆனால் ஒரு மிச்சக் கடமையும் உண்டு. கேள்வி கேட்கப்படாவிட்டாலும், நிறுவனத்தின் முடிவுக்கு இது முக்கியம் என்று தனக்கே தெரிந்த ஒன்றைச் சொல்ல நியாயமான கவனம் எடுத்துக்கொள்ளவேண்டும். அடுத்த வாரம் இருதய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டு, 'பாரத்தில் அதைக் கேட்கவில்லையே' என்று சொல்ல முடியாது.

தவறான பதில் என்று ஆகிவிட்டால், அதை அட்டவணை மூன்று வகையாகப் பிரிக்கிறது. வேண்டுமென்றே சொன்னது, அல்லது பொய்யோ மெய்யோ எனக்கென்ன என்று பொருட்படுத்தாமல் சொன்னது ஒரு வகை. கவனக்குறைவால் சொன்னது இரண்டாவது. ஒன்றும் அறியாமல் சொன்னது மூன்றாவது. இம்மூன்றில் முதலாவதற்கு மட்டுமே மோசடியின் சாயல் உண்டு. பொருட்படுத்தாமை ஏன் வேண்டுமென்றே சொன்னதோடு சேர்க்கப்பட்டது என்றால், அதற்கும் பழைய வேர் ஒன்று இருக்கிறது. 1889இல் டெர்ரி எதிர் பீக் என்ற வழக்கில் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை, பொய் என்று தெரிந்து சொல்வதும், மெய் என்ற நம்பிக்கையில்லாமல் சொல்வதும், மெய்யா பொய்யா என்று கவலைப்படாமல் சொல்வதும் ஒரே தராசில் நிற்கும் என்றது. நேர்மையாக நம்பிச் சொன்ன முட்டாள்தனம் மோசடியாகாது என்பதும் அதே தீர்ப்புத்தான்.

வகையைப் பொறுத்து விளைவு மாறும். முதல் வகையானால், நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம்; இழப்பீடு தர மறுக்கலாம்; வாங்கிய சந்தாவையும் பொதுவாகத் திருப்பித் தர வேண்டியதில்லை. கவனக்குறைவு என்றால் அப்படியல்ல. உண்மை தெரிந்திருந்தால் நிறுவனம் என்ன செய்திருக்கும் என்று கேட்கவேண்டும். காப்புறுதியே கொடுத்திருக்காது என்று காட்டினால், பணம் இல்லை, ஆனால் சந்தாவைத் திருப்பித் தரவேண்டும். கூடுதல் சந்தா கேட்டிருக்கும் என்றால், இழப்பீட்டை அந்த விகிதத்தில் குறைக்கலாம். நம் ஓட்டுநர் மாதம் 60 வெள்ளி கட்டினார். சீனி விவரம் தெரிந்திருந்தால் 90 வெள்ளி கேட்டிருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டியது மூன்றில் இரண்டு பங்கு. ஆக, 30,000 வெள்ளியில் 20,000 வெள்ளி அந்த அம்மாளுக்கு வரவேண்டும். 'பத்திரம் செல்லாது' என்ற ஒற்றை வரிக் கடிதத்துக்கும் இருபதாயிரம் வெள்ளிக்கும் இடையில் நிற்பது கவனக்குறைவு என்ற ஒரே சொல். ஒன்றுமறியாமல் சொன்ன பதிலுக்கு மோசடிக்குரிய விளைவு அறவே இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் ஓட்டுநர் எந்த வகை? கிளினிக்கில் டாக்டர் என்ன சொன்னார் என்பதைப் பார்க்கவேண்டும். 'உங்களுக்கு இனிப்புநீர் நோய், இந்த மாத்திரையைத் தினம் சாப்பிடுங்கள்' என்று சொல்லி, அவரும் மாதாமாதம் மாத்திரை வாங்கி வந்திருந்தால், 'இல்லை' என்ற குறி வேண்டுமென்றே இட்டதாகத்தான் தோன்றும். 'கொஞ்சம் சீனி இருக்கிறது, தேத்தண்ணீரில் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று மட்டும் சொல்லியிருந்தால், அதை நோய் என்று அவர் எண்ணாமல் இருந்திருக்கலாம். பதிவேட்டில் டாக்டர் எழுதியது ஒன்று, நோயாளியின் காதில் விழுந்தது வேறொன்று என்பது நம் ஊர்களில் சாதாரணமாக நடப்பது. சட்டம் கேட்பது அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை. பதிவேடு அதற்கு ஒரு சான்று மட்டுமே.

இதில் முகவருக்கும் பங்கு உண்டு. பாரத்தை நிரப்பியவர் அவர். இங்கிலாந்தில் 1929இல் முடிந்த நியூஷோம் சகோதரர்கள் வழக்கில், முகவர் பாரத்தை நிரப்பும்போது அவர் விண்ணப்பதாரரின் கைக்கருவிதான். அவர் தவறாக எழுதினால் அது விண்ணப்பதாரரின் தவறே என்று சொல்லப்பட்டது. படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டவன் பாடு அவ்வளவுதான். தோட்டப்புறத்தில், ஆங்கிலமோ மலாயோ படிக்கத் தெரியாத ஆயிரக்கணக்கானோர் கையெழுத்தோ கைநாட்டோ இட்டிருக்கும் ஒரு நாட்டுக்கு அது பொருந்தாத நியாயம். நம் நாடாளுமன்றம் அதை மாற்றியது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 151ஆம் பிரிவு, அங்கீகாரம் பெற்ற முகவருக்குத் தெரிந்தது நிறுவனத்துக்குத் தெரிந்ததாகவே கொள்ளப்படும் என்றது. இப்போதைய ஒன்பதாவது அட்டவணையும் அதையே வழிமொழிகிறது. ஓட்டுநர் அன்று இரவு முகவரிடம் சீனி விவரத்தைச் சொல்லியிருந்தால், சட்டத்தின் கண்ணுக்கு அவர் நிறுவனத்திடமே சொன்னவர் ஆகிறார்.

ஆனால் இங்கே ஒரு முள் இருக்கிறது. முகவரும் விண்ணப்பதாரரும் கூடிக்கொண்டு உண்மையை மறைத்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. "அண்ணே, அதையெல்லாம் எழுதினால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், விட்டுவிடுங்கள்" என்று முகவர் சொல்ல, எதற்காக விடுகிறோம் என்று தெரிந்தே இவரும் தலையாட்டினால் அது கூட்டு. முகவர் என்ன எழுதினார் என்றே தெரியாமல் கையெழுத்திட்டால் அது கூட்டு அல்ல. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மனைவியின் சாட்சியம் இந்த இடத்தில் பெறுமதி மிக்கது. என்ன பேசினார்கள் என்பதை நினைவிருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளவேண்டும்.

ஆயுள் காப்புறுதிக்கு இன்னொரு வேலியும் உண்டு. காப்புறுதி செய்யப்பட்டவரின் வாழ்நாளில் ஈராண்டுக்கு மேல் பத்திரம் நடப்பில் இருந்துவிட்டால், விண்ணப்பத்தில் ஏதோ தவறு என்று சொல்லி நிறுவனம் அதை முறிக்க முடியாது. முக்கியமான ஒன்று வேண்டுமென்றே அல்லது மோசடியாகப் பொய் சொல்லப்பட்டது அல்லது மறைக்கப்பட்டது என்று நிறுவனம் காட்டினாலொழிய. 'வாழ்நாளில்' என்ற சொல் அங்கே சும்மா வைக்கப்படவில்லை. பதினான்காம் மாதத்தில் இறந்தவரின் குடும்பம், ஈராண்டு கழியட்டும் என்று காத்திருந்து கேட்பதில் பயன் இல்லை. இந்தியாவில் 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் ஏறத்தாழ இதே வாசகம்தான் இருந்தது. 2015இல் அவர்கள் அதை மாற்றி, ஈராண்டை மூன்றாண்டாக்கினார்கள். மூன்றாண்டு ஆனபின் மோசடி என்ற காரணத்தையும் சொல்ல முடியாது என்று கதவை முற்றாகச் சாத்திவிட்டார்கள். நம் நாட்டில் மோசடிக்கு மட்டும் கதவு திறந்தே இருக்கிறது. எது மேல் என்று கேட்டால், நம் வழி நேர்மைக்கும் அவர்கள் வழி மன நிம்மதிக்கும் அதிக இடம் கொடுக்கிறது என்பேன்.

மோசடி என்று சொல்பவர்தான் அதை மெய்ப்பிக்கவேண்டும் என்பது 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் பொது விதி. எவ்வளவு தூரம் மெய்ப்பிக்கவேண்டும்? நெடுங்காலமாக நம் நீதிமன்றங்கள் சிவில் வழக்கிலும் மோசடியை, கொலை வழக்குப் போல, நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் மெய்ப்பிக்கவேண்டும் என்று சொல்லிவந்தன. 2015இல் சின்னையா அண்ட் சன்ஸ் எதிர் டாமாய் செத்தியா என்ற வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அதை மாற்றி, எது நடந்திருக்கக்கூடியது என்ற தராசில் ஒரு பக்கம் தாழ்ந்தால் போதும் என்றது. அது காப்புறுதி வழக்கு அல்ல. ஆனாலும் காப்புறுதியையும் தொடுகிறது. பத்திரம் வைத்திருப்பவர் பக்கம் நின்று பார்த்தால், வேலியின் உயரம் சற்றுக் குறைந்துவிட்டது.

இதுவரை பேசியது ஒப்பந்தத்தைப் பற்றி. குற்றவியல் சட்டத்துக்குள் போனால் சொற்கள் மாறுகின்றன. தண்டனைச் சட்டத் தொகுப்பில் 24ஆம் பிரிவு 'நேர்மையின்றி' என்பதற்குப் பொருள் சொல்லுகிறது: ஒருவருக்குத் தகாத ஆதாயமோ மற்றவருக்குத் தகாத இழப்போ உண்டாக்கும் எண்ணத்தோடு செய்வது, உண்மையில் ஆதாயமோ இழப்போ ஏற்பட்டிருக்கவேண்டும் என்பதில்லை. அடுத்த பிரிவு 'மோசடியாக' என்பதற்குச் சொல்லும் பொருள் வேடிக்கையானது: மோசம் செய்யும் எண்ணத்தோடு செய்தால் அது மோசடியாகச் செய்தது, வேறெப்படியும் அல்ல! அகராதியில் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடிப்போய், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்ததுபோல் இருக்கிறது. நீதிமன்றங்கள்தாம் இதற்குச் சதையும் இரத்தமும் கொடுக்கவேண்டியிருந்தது. ஏமாற்றிப் பொருளைக் கொடுக்கச் செய்யும் குற்றத்துக்கு 420ஆம் பிரிவு ஓராண்டுக்குக் குறையாமலும் பத்தாண்டுக்கு மேற்படாமலும் சிறை, பிரம்படி, அபராதம் என்று விதிக்கிறது. இழப்பீடு கிடைக்காமற்போனாலும் முயற்சி செய்ததே குற்றம். நிறுவனம் கண்டுபிடித்துவிட்டது, பணம் தரவில்லை, ஆகவே ஒன்றும் ஆகாது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

அதே தொகுப்பில், சொத்துச் சேதம் பற்றிய 425ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. காப்புறுதி செய்த தன் சொந்தக் கப்பலையே, காப்புறுதியாளருக்கு நட்டம் உண்டாக்க எண்ணி ஒருவன் கடலில் கெடுத்துவிடுகிறான்; அவனும் குற்றவாளியே. தன் பொருளைத் தான் அழிப்பதில் என்ன குற்றம் என்ற கேள்விக்கு அந்த ஓர் எடுத்துக்காட்டு பதில் சொல்லிவிடுகிறது. தன் உயிரையே அப்படிக் கணக்குப் பண்ணியவர்களும் உண்டு. கேரளத்தில் 1984 ஜனவரியில், மாவேலிக்கரைப் பக்கம் ஒரு கார் எரிந்து கிடந்தது. உள்ளே இருந்த உடல் சுகுமாரக் குறுப்பு என்பவருடையது என்று முதலில் எண்ணினார்கள். விசாரணையில், வெளிநாட்டில் எடுத்திருந்த காப்புறுதிப் பணத்துக்காக வேறொரு மனிதரைக் கொன்று, தாம் இறந்ததாகக் காட்ட முயன்றார்கள் என்று தெரியவந்தது. கூட்டாளிகள் தண்டிக்கப்பட்டார்கள், குறுப்பு அகப்படவே இல்லை. 2021இல் இதைப் படமாகவும் எடுத்தார்கள்.

இவையெல்லாம் பெரிய கதைகள். நம் ஊரில் நடப்பது சிறிய பொய்கள். மகன் லைசென்ஸ் இல்லாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், சிலிம் ரிவர் பெருஞ்சாலையில் ஒரு காரில் மோதிவிடுகிறான். விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலிஸ் நிலையத்தில் தெரிவிக்கவேண்டும் என்பது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். தகப்பனார் நிலையத்துக்குப் போய், "நான்தான் ஓட்டினேன்" என்று எழுதிக் கொடுக்கிறார். பிள்ளைப் பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் அரசாங்க ஊழியரிடம் பொய்த் தகவல் கொடுத்த குற்றம் ஒன்றையும், அந்த அறிக்கையை வைத்து இழப்பீடு கேட்டால் ஏமாற்ற முயன்ற குற்றம் மற்றொன்றையும் அவர் தலையில் வைக்கிறது. மகன் செய்த தவறைவிடத் தகப்பன் செய்தது கனமாகிவிடுகிறது.

சொக்சோவிலும் இப்படித்தான். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'வேலையிடத்து ஊறு' என்பதற்குத் திட்டமான பொருள் உண்டு: வேலையின் காரணமாகவும், வேலையின் போதும் ஏற்பட்ட விபத்தாலோ தொழில்நோயாலோ உண்டான ஊறு. வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தும் இதில் அடங்கும். இதை அறியாமல் கேட்காமலே விட்டவர்கள் ஏராளம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்ததை, திங்கட்கிழமை செம்பனைக் காட்டில் குலை விழுந்த கதையாக்கினால் அது பொய்க் கோரிக்கை. அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட மண்டோரும் உடந்தைக் குற்றத்துக்கு ஆளாகலாம். அவர் ஒரு காசு வாங்காமல், இரக்கப்பட்டுத்தான் போட்டிருப்பார்.

உண்மையான இழப்புக்குப் பொய்யான அலங்காரம் செய்தால் என்ன ஆகும்? இது நுணுக்கமான கேள்வி. வீட்டில் திருட்டு நடந்தது மெய். போனது இரண்டு சங்கிலி. நான்கு என்று எழுதினால், பழைய ஆங்கிலச் சட்டப்படி அந்த இரண்டுக்கும்கூட உரிமை போய்விடும். ஆனால் தொகையைக் கூட்டாமல், கதையை மட்டும் அழகுபடுத்தினால்? 2016இல் இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்தது. ஒரு கப்பலின் எந்திர அறையில் தண்ணீர் புகுந்து பெரும் சேதம். எச்சரிக்கை மணி ஒலித்ததாகவும், கடல் கொந்தளிப்பால் என்று எண்ணி மாலுமிகள் அதை விட்டுவிட்டதாகவும் கப்பல்காரர் தரப்பில் சொன்னார்கள். அது பொய். ஆனால் அந்தப் பொய் இல்லாவிட்டாலும் பணம் கிடைத்திருக்கும். ஆகவே உரிமை போகாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். நம் நீதிமன்றங்கள் இதைப் பின்பற்றவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம்பிக்கொண்டு யாரும் கதை கட்டவேண்டாம்.

மறுபடியும் அந்த அம்மாளின் கடிதத்துக்கு வருவோம். அவர் முதலில் செய்யவேண்டியது, கணவர் கையெழுத்திட்ட விண்ணப்பப் பாரத்தின் நகலைக் கேட்டு வாங்குவது. கேள்வி எந்த மொழியில், எந்தச் சொற்களில் இருந்தது என்பதை அதில்தான் பார்க்க முடியும். அடுத்து, கிளினிக் பதிவின் நகல். பிறகு நிறுவனத்துக்கு எழுத்து மூலமாக ஒரே கேள்வி: அட்டவணையின் மூன்று வகைகளில் எந்த வகை என்று முடிவு செய்தீர்கள், எதைக் கொண்டு? இதற்கு நேரான பதில் வருவது அபூர்வம். பதில் வந்து, அது இறுதி முடிவு என்றும் சொல்லப்பட்டால், நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவையிடம் முறையிடலாம். முன்பு நிதிச் சேவைகளுக்கான ஒம்புட்ஸ்மன் என்று இருந்த அமைப்பும் பங்குச் சந்தைத் தகராறுகளைத் தீர்த்துவந்த நிலையமும் இணைந்து, 2025 ஜனவரி முதல் இந்தப் பெயரில் இயங்குகின்றன. பொதுமக்களுக்குக் கட்டணம் இல்லை. 250,000 வெள்ளி வரையிலான காப்புறுதித் தகராறுகள் அங்கே போகலாம். இறுதி முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் முறையிடவேண்டும். ஆகவே கடிதத்தை அதன் உறையோடு சேர்த்துப் பத்திரப்படுத்தி, வந்த நாளை உறையின் மேல் எழுதி வைக்கவேண்டும்.